வள்ளிமயில் வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

வள்ளிமயிலைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் கோவில்பட்டியில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடலைமிட்டாய் வாங்குகிறார்கள். அப்புறம் என்னைத் தேடி வந்து, "சின்ன வயசுலயே பாடுவாங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை, பாட மாட்டாள். சண்டை போடுவாள். சத்துணவில் முட்டை அழுகியிருந்தால் சண்டை, குழாயடியில் யாராவது வரிசையில் புகுந்தால் சண்டை, தன் பெயரை யாராவது 'மயிலு' என்று சுருக்கினால் அதற்கும் சண்டை. இதைச் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அவளைக் கருவேல மரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்து, 'கரிசலில் பூத்த ராப் மலர்' என்று தலைப்புப் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு, அவர்கள் கையில் இருக்கிற பொட்டலத்தைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கும். பூவாம், மலராம். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நான் சுதாராணி. வள்ளிமயிலின் பெரியம்மா மகள். பத்திரப்பதிவு அலுவலகம் இருக்கும் தெருவில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். இந்த வட்டாரத்தில் எத்தனை அக்கா தங்கைகள் தங்கள் பங்கை 'அன்பின் பேரிலும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும்' விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது என் விரல்களுக்குத் தெரியும். அந்த வரியை அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முகத்தை முன்பெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை. பார்த்தால் வேலை ஓடாது.

வள்ளிமயிலின் ஊர் கழுகுமலைக்குத் தெற்கே இருக்கும் மேலக்கரைப்பட்டி. அவள் அப்பா சுடலைக்கண்ணு கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனார். அப்போது அவளுக்கு ஏழு வயது. அம்மா பாலம்மாள், என் சித்தி, தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்க, போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சொல்லுவதற்கு நன்றாகத்தான் இருக்கும், நாற்காலி மட்டும் இருக்காது.

தாத்தா பெயரில் ஆறு ஏக்கர் கரிசல் இருந்தது. மூத்தவர் பெருமாள்சாமிக்கு மூன்று, இளையவர் சுடலைக்கண்ணுக்கு மூன்று என்று வாய்ப்பேச்சாகப் பிரித்து உழுதுகொண்டிருந்தார்கள். பத்திரம் எதுவும் கிடையாது, பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. தம்பி செத்த அடுத்த வருடம், புரட்டாசி உழவில், பெருமாள்சாமி நடு வரப்பை உழுது அழித்துவிட்டு ஆறு ஏக்கரிலும் தானே உளுந்தை விதைத்தார். சித்தி ஊர்க்கூட்டத்தில் பிராது கொடுத்தாள்.

அந்த ஊரின் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவில் முன்னால் சாவடி இருக்கிறது. பெண்கள் அதில் ஏறக் கூடாது, அங்கே பேசவும் கூடாது. வீட்டுக்கு ஓர் 'ஆள்' உண்டு. அந்த வீட்டுக்காக அவர்தான் பேசுவார், அபராதம் என்றால் அவர்தான் கட்டுவார், தப்பு என்றால் அவர்தான் சபையில் விழுந்து கும்பிடுவார். ஆள் என்றால் ஆம்பளை. வீட்டில் ஆம்பளை இல்லாவிட்டால், செத்துப்போன புருசனுக்கு நெருங்கிய பங்காளி அந்த வீட்டுக்கு ஆள் ஆகிவிடுவார்.

ஊர்த்தலைவர் கருத்தையா சாவடியில் உட்கார்ந்து, "பாலம்மா வீட்டுக்கு ஆரு ஆளு?" என்று கேட்டார்.

பெருமாள்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "நாந்தான். எந்தம்பி வீட்டுக்கு என்னைய விட்டா ஆரு இருக்கா?"

"பிராது ஆரு மேல?"

"எம் மேலதான்."

இரண்டு பேர் சிரித்தார்களாம். அவ்வளவுதான். பிராது கொடுத்தவள் சார்பிலும் பெருமாள்சாமியே பேசினார், பிராதுக்குப் பதிலும் பெருமாள்சாமியே சொன்னார். "தம்பி பொஞ்சாதிக்கு வெள்ளாமை பாக்கத் தெம்பு கெடையாது. மச்சினரே பாத்துக்கிடட்டும்னு அவ சொல்லுதா. சரி, நானும் பாத்துக்கிடுதேன்." கூட்டம் முடிந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேய்ந்ததோடு நிற்காமல், பயிரின் சார்பில் நன்றியும் சொல்லிவிட்டுப் போனது.

சித்தி தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். வள்ளிமயில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எம்மா, நீ அப்படிச் சொல்லவே இல்லியே!" என்று கத்தியிருக்கிறாள். சித்தி அவள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. விவரம் கேள்விப்பட்டபோது 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போனேன். அந்த 'ஐயோ பாவம்' இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது.

பள்ளிக்கூட விடுமுறைகளில் வள்ளிமயிலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். கை வேலை பார்க்கும், வாய் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற வாயை அவள் விடவில்லை. கணக்குப்பிள்ளையின் நடை, மேனேஜரின் தொப்பை, பக்கத்தில் இருப்பவளின் மாமியார், எல்லாவற்றையும் எதுகை மோனையோடு வேகவேகமாகச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அதற்கு ராப் என்று ஒரு பெயர் இருப்பது அவளுக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கல்லூரிக் காலத்தில் கோவில்பட்டியில் என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். கண்ணாடி உடைந்த ஒரு போனில் உலகத்தில் உள்ள ராப் பாட்டையெல்லாம் கேட்பாள். காலையில் பல் தேய்க்கும்போதுகூட முணுமுணுப்பு நிற்காது. "ஏட்டி, வாயைக் கொப்புளிச்சிட்டுப் பேசுட்டி" என்று கத்துவேன்.

அவள் வெளியே தெரிந்தது ஒரு மினி பஸ்ஸில். இரண்டாம் வருடப் படிப்பு. கழுகுமலைக்குப் போகிற பஸ்ஸில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மருந்து வாடை தாங்க முடியல. ஆபீஸ் பொம்பளைய எல்லாம் பின்னால போங்க" என்றான். அந்தப் பெண்களும் போனார்கள். அதைத்தான் இவளால் பொறுக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆரம்பித்தாள்.

*பின்னால போ பின்னால போன்னு*
*பெரிய வாயால சொல்லுத அண்ணாச்சி!*
*முன்சீட்டு எல்லாம் ஆரு சொத்துன்னு*
*முழுசா டிக்கெட்டத் திருப்பிப் பாத்தாச்சி!*
*மருந்து வாடை மூக்குல ஏறுதோ?*
*மகராசனுக்கு மயக்கம் வருதோ?*
*காலையில ஒன் வீட்டு அடுப்பு எரியுதே,*
*அந்தக் குச்சி எங்க கைன்னு தெரியுதே?*

பஸ்ஸே கைதட்டியது. ஒரு பையன் போனில் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டான். மூன்று நாளில் தமிழ்நாடு முழுக்கப் பார்த்துவிட்டது. பாராட்டியவர்கள் பாதி. மீதிப் பாதி எழுதியதை நான் படித்தேன். 'இவளை எவன் கட்டுவான்', 'இது ராப்பா, குழாயடிச் சண்டையா', 'மூஞ்சியைப் பாரு'. பெயர் இல்லாத, முகம் இல்லாத வீரர்கள். வள்ளிமயில் அதையும் ஒன்று விடாமல் படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்லாம ஒருத்தனாவது ஏசுதானான்னு பாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். நான்தான் தூங்கவில்லை.

படிப்பு முடிந்து நாலு வருடம் சின்னச் சின்ன மேடைகளில் பாடிய பிறகு, சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி கூப்பிட்டது. கம்பெனிக்காரர் பெயர் ஹரிஹரசுதன். தேனொழுகப் பேசுவார். 'வள்ளிமயில்' பழசாக இருக்கிறது, 'வி-மயில்' என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த மனிதருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. பெயரில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கடுத்து, படப்பிடிப்புக்கு என்று செங்கல்பட்டுப் பக்கம் கூட்டிப்போனார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன். 'கரிசல் ராணி' என்று பாட்டு. மேக்கப் செய்கிற பெண் ஒரு வாளி நிறைய மண்ணைக் கொண்டுவந்து இவள் முகத்தில் பூச வந்தாள். பார்த்தால் செம்மண். குங்குமம் மாதிரிச் சிவப்பு.

"இது என்ன மண்ணு?" என்று கேட்டாள் வள்ளிமயில்.

"கரிசல் மண்ணு மேடம். ஃபீல் வரணும்ல?"

"கரிசல்னா கறுப்புன்னு பேர்லயே இருக்கே. ஒங்களுக்குக் கண்ணுமா தெரியல?"

ஹரிஹரசுதன் ஓடிவந்து, கேமராவில் சிவப்புதான் எடுப்பாக இருக்கும், கறுப்பு மண்ணைப் பூசினால் முகமே தெரியாது என்று சமாதானம் சொன்னார். "அப்போ செவப்பு ராணின்னு வேற ஆளைத் தேடிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, மேக்கப்பைக் கலைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கோவில்பட்டி வரைக்கும் கதவுப் பக்கம் உட்கார்ந்து ஒரு பாட்டை எழுதினாள். அதைத்தான் அடுத்த மாதம் என் வீட்டு அறையில், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தாள். பாட்டின் பெயர் 'வீட்டுக்கு ஆள் யாரு'.

*வீட்டுக்கு ஆளு ஆரு? எந்திரிச்சு நில்லு!*
*எங்க வீட்டுக் கதைய நீயே வந்து சொல்லு!*
*பிராது குடுத்தவ தொட்டிக்கு அந்தப் பக்கம்,*
*பிராதுல உள்ளவன் சாவடிக்கு நடுப்பக்கம்!*
*கேள்வியும் நீயே, பதிலும் நீயே,*
*கேட்டுத் தலையாட்டுன ஊரும் நீயே!*
*மூணு ஏக்கர முழுங்கிட்டு ஏப்பம்,*
*முந்தியில கண்ணத் தொடச்சா எங்கம்மா, பாவம்!*

இதுதான் அவளைத் தூக்கிவிட்ட பாட்டு. ஒரே வாரத்தில் பத்து லட்சம் பேர் கேட்டார்கள். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு பெரியப்பா கதை இருந்தது. என் பத்திர எழுத்தர்கூட, "ஒன் தங்கச்சி நம்ம தொழிலைக் கெடுத்துருவா போலிருக்கே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

பாராட்டாத ஒரே ஆள் சித்திதான். பாட்டு வந்த மூன்றாம் நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, எங்கதைய ஊரு ஒலகமெல்லாம் சொல்லியிருக்கியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

வள்ளிமயில் திகைத்துப்போனாள். "ஒனக்காகத்தானம்மா பாடுனேன்."

"ஒங்க பெரியப்பனும் எனக்காகத்தாம் பேசுனாவ. அவியளும் கேக்கல, நீயும் கேக்கல. முந்தியில கண்ணத் தொடச்சேன்னு பாடியிருக்க. நான் எங்கட்டி அழுதேன்? ஒரு சொட்டு அழல. பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். நீ பாக்கல?"

எனக்குச் சித்தி மேல் கோபம் வந்தது. லட்சம் பேர் உனக்காகக் கொதிக்கிறார்கள், நீ அழுதேனா அழவில்லையா என்று கணக்குப் பார்க்கிறாயே என்று நினைத்தேன். வள்ளிமயில் என்ன நினைத்தாளோ தெரியாது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் என் வீடு வீடாகவே இல்லை.

பெருமாள்சாமி சும்மா இருக்கவில்லை. அவருக்கு மானத்தைவிடப் பெரிய அவசரம் ஒன்று இருந்தது. சூரியசக்தித் தகடு போடுகிற ஒரு கம்பெனி அந்தப் பக்கம் நிலம் தேடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருடமே அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, சித்தி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் அடிக்கச் சொல்லியிருந்தார். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்ற வரி வரைக்கும் நானே அடித்தேன். ஆமாம், நானேதான். வேலை என்றால் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தி "பாப்போம், பாப்போம்" என்று தள்ளிக்கொண்டே போனாள், கையெழுத்துப் போட வரவில்லை. அந்தக் கையெழுத்து இல்லாமல் தம்பி பங்கில் பெருமாள்சாமிக்கு இருந்த ஒரே உரிமை, பதினேழு வருடத்துக்கு முன்னால் ஊர் சொன்ன அந்த வார்த்தைதான்.

அவர் கூட்டத்தைக் கூட்டினார். ராஜபாண்டி என்று ஊர் வேலை பார்க்கிறவர் வந்து சித்தியிடம் தகவல் சொல்லிவிட்டுப் போனார். ஊரை அசிங்கப்படுத்திய பாட்டை எடுக்க வேண்டும். பாலம்மா வீட்டு ஆள் சபையில் விழுந்து கும்பிட வேண்டும். நிலத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டோம் என்றால் அந்த வீட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். கடையில் சாமான் கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். அதோடு, சித்தியை ஆபீசுக்கு ஏற்றிப்போகிற வேன் வாசலில் நிற்காது. அந்த வேனை ஓட்டுவது பெருமாள்சாமியின் மைத்துனர்.

வள்ளிமயில் கோயம்புத்தூர் மேடையை ரத்து செய்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. போலீசுக்குப் போவோம், கலெக்டரிடம் போவோம், டிவிக்காரர்களைக் கூட்டி வருவோம், சாவடியில் ஏறி மைக்கைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பேன் என்று கத்தினாள். நானும் சேர்ந்து கத்தினேன். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் பேசப்படாது" என்றாள்.

"எம்மா!"

"கூட்டத்துக்கு வா. தொட்டிக்கு அந்தப் பக்கம் நில்லு. வாயத் தொறக்காத. அவிய சட்டப்படியே போவோம்."

"அவனுக சட்டப்படி போயித்தான நெலம் போச்சு? நீ போயி அந்த மண்ணுல விழப்போறியா? விழுந்தேன்னா நான் இனிமே பாடவே மாட்டேன், சொல்லிட்டேன்."

"இந்தத் தடவையாவது நான் சொல்லுதத கேளுட்டி" என்றாள் சித்தி. குரலை உயர்த்தவே இல்லை. வள்ளிமயில் கதவை அறைந்துகொண்டு வெளியே போனாள். எனக்குச் சித்தியைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. பதினேழு வருடம் மிதி வாங்கி மிதி வாங்கி இவளுக்கு உறைப்பே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன். தப்பாகத்தான் நினைத்திருக்கிறேன்.

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சாவடி நிறைய ஆண்கள். தொட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். அந்த ஊர்க்கூட்டத்தில் அதுவரை அவ்வளவு பெண்கள் நின்றதில்லை. எங்கே பார்த்தாலும் தூக்கிப் பிடித்த போன்கள். எல்லாப் போனும் வள்ளிமயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவள் இப்போது ஏதாவது சொல்வாள், ஏற்றலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து என் கையில் ரத்தம் கட்டிவிட்டது.

பெருமாள்சாமி எழுந்து பிராதைச் சொன்னார். தம்பி மகளைத் தன் மகளாக நினைத்தாராம், அவள் இப்படி உலகம் முழுக்கத் தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டாளாம். துண்டால் முகத்தைத் துடைத்தார். கருத்தையா கேட்டுக்கொண்டார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் ஓர் எழுத்துக்கூடப் பிசகக் கூடாது அவருக்கு. வழக்கம்போலக் கேட்டார்.

"பாலம்மா வீட்டுக்கு ஆரு ஆளு?"

யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஏ பாலம்மா, ஒம் மக செஞ்ச தப்புக்கு நீயே அங்கன மண்ணுல விழுந்து கும்பிட்டுட்டுப் போ. விசயத்த முடிப்போம்" என்றார் கருத்தையா.

சித்தி அசையவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். பிறகு கையை நீட்டி, ஒற்றை விரலால் பெருமாள்சாமியைக் காட்டினாள். வாயைத் திறக்கவில்லை. பெண்கள்தான் அங்கே பேசக் கூடாதே.

கூட்டத்துக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. டிராக்டர் ஓட்டுகிற மணிராஜ்தான் முதலில் புரிந்துகொண்டு வெடித்துச் சிரித்தான். "சரியாத்தான காட்டுதாவ! அந்த வீட்டுக்குப் பெருமாள்சாமி சித்தப்பாதான ஆளு? அன்னைக்கு அவியதான பேசுனாவ? வீட்டு ஆளுதான விழணும்?"

சிரிப்பு சாவடி முழுக்கப் பரவியது. பெண்கள் பக்கம் இன்னும் சத்தமாகக் கேட்டது.

"ஏலே, நான் பிராது குடுத்தவம்லே! நான் எப்படி விழ?" என்று பெருமாள்சாமி கத்தினார்.

கருத்தையா தாடையைத் தடவினார். "அன்னைக்குப் பிராதுல உள்ளவனும் நீதான், அந்த வீட்டுக்கு ஆளும் நீதான். அப்ப அது சரின்னா, இப்பவும் சரிதான? சட்டம்னா ஒண்ணுதான். எந்திரிச்சு வந்து அந்த வீட்டுக்காக விழு."

பெருமாள்சாமி என்ன செய்வார்? தன்னைத் திருடன் என்று பாடியவளுக்காகத் தானே விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அத்தனை போனும் இப்போது அவர் பக்கம் திரும்பிவிட்டது. முகம் கறுத்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"நான் அந்த வீட்டுக்கு ஆளு கெடையாது! அவளுகளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது!"

சித்தி அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். தொட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து, சாவடிப் படியில் காலை வைத்தாள்.

"ஏ பாலம்மா, பொம்பளை இங்கன ஏறப்படாது" என்றார் கருத்தையா.

"ஆளில்லாத வீடாம்லா மாமா. அவியளே சொல்லிட்டாவ. அப்ப ஆரு பேச? நீரு பேசுவீரா? பேசும். எங்களுக்காக நீரு விழுவீரா? விழும்."

கருத்தையா விழவில்லை. மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி ஏறிவிட்டாள். "இவிய எங்க வீட்டுக்கு ஆளில்லன்னா, பதினேழு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல எம் பேரைச் சொல்லி நெலத்தக் குடுத்தது ஆரு? நான் குடுக்கல. எந்த வீட்டு ஆளும் குடுக்கல. அப்ப அது ஆரு நெலம்? சொல்லும்."

அதோடு அவள் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் பேசினாள். வரப்பு எந்த இடத்தில் இருந்தது, எந்த வருடம் என்ன விதைத்தார்கள், எந்த வருடம் பன்றி புகுந்து மக்காச்சோளத்தை அழித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழு வருடமும் வேன் ஜன்னல் வழியாக அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குப் போயிருக்கிறாள். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் கருத்தையா, "அன்னைக்குப் பேசுனது செல்லாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். பதினேழு வருடம் ஒரு பெண்ணின் சோற்றைப் பிடுங்கிய வார்த்தையைத் திருப்பி எடுக்க அந்த மனிதருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வருத்தம் சொல்லவில்லை. அந்தச் சாவடியில் இருந்த ஒருத்தரும் சொல்லவில்லை.

வள்ளிமயில் அழுதுகொண்டிருந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வந்த வீடியோவுக்கு எல்லோரும் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'ஊரையே அலறவிட்ட ராப் பாடகி'. ஹரிஹரசுதன் போன் செய்து, கறுப்பு மண்ணே ஏற்பாடு செய்வதாகவும், இரண்டாம் பாகம் பாடித் தரும்படியும் கேட்டார். "எனக்கு இதுல ஒண்ணும் இல்ல, எங்கம்மாகிட்ட கேளுங்க" என்று போனைச் சித்தியிடம் நீட்டினாள். சித்தி வாங்கி, "அவளுக்கு இப்ப தொண்டையில புண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஊர் சொன்னது ஒருபுறம், காகிதம் ஒருபுறம். வீடியோவைப் பார்த்த சூரியசக்திக் கம்பெனிக்காரர்கள், பாகப்பிரிவினை ஆகாமல் அந்தப் பக்கமே வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புரட்டாசி பிறந்த நாலாம் நாள் பெருமாள்சாமி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மனம் திருந்தி வந்தார் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அவர் பங்கு விலைபோக வேண்டும் என்பதற்காக வந்தார். ஆறு ஏக்கரும் சரிபாதி. 'காலஞ்சென்ற சுடலைக்கண்ணு மனைவி பாலம்மாள், மேற்படியார் மகள் வள்ளிமயில்' என்று அடித்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

"எங்கன கையெழுத்து?" என்று பெருமாள்சாமி பேனாவை எடுத்தார்.

"இரும்" என்றாள் சித்தி. "நான் வாசிக்கணும்."

சித்தி மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். முதல் பக்கத்தைக் கையில் எடுத்துச் சத்தமாக, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். 'ஷரத்து' என்ற சொல்லில் நாலு தடவை நின்றாள். நாற்காலி எதுவும் காலியில்லை. பெருமாள்சாமி நின்றுகொண்டே இருந்தார். வள்ளிமயில் பெஞ்சில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு நானூறு சொல் கொட்டுகிற அந்த வாயை மூடிக்கொண்டு, அம்மா ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டாம் பக்கம் பாதியில் பெருமாள்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா சுதா, நீயாவது சட்டுனு படிச்சுக் காட்டேன். எனக்குக் கால் வலிக்கி."

"அவியளே படிப்பாவ" என்றேன்.

மொத்தம் ஏழு பக்கம்.